சம்பந்தம் ரைஸ் மில் மீது ஒரு மொட்டை மனு

செஞ்சி,
21-1-1963

அன்பு மைத்துனன் கிருஷ்ணமூர்த்திக்குச் சம்பந்தம் ஆசியுடன் எழுதுவது. பொங்கல் இங்கே குறைவில்லாமல் நடந்தது. உன் அக்காள் உண்ணாமலை சுகம். குழந்தை சாந்திக்குச் சளி, தை மாதத்தில் வழக்கமாக வருவதுதான். நீயும் சாரதாவும் எப்படி இருக்கிறீர்கள்? உன் பல்வலி விட்டதா?

விஷயத்துக்கு வருகிறேன். கடலூரில் நீ குமாஸ்தாவாக உட்கார்ந்திருக்கும் அதே சுகாதார ஆபீசிலிருந்து எனக்கு ஒரு நோட்டீஸ் வந்திருக்கிறது. என் மில்லில் நெல் அவிக்க உமி எரிப்பதால் பஜாரெல்லாம் புகையாம். பக்கத்துப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் இருமி இருமிச் சாகிறார்களாம். எவனோ மொட்டை மனு போட்டிருக்கிறான், கையெழுத்துக்கூடக் கிடையாது. விசாரிக்க ஆள் வருவார் என்று எழுதியிருக்கிறார்கள்.

பதினாறு வருஷமாக மில் ஓட்டுகிறேன். இந்த ஊருக்கு இப்போதுதான் மூக்கு முளைத்ததா? புகைபோக்கியை உயர்த்தச் சொல்லி யோசனை வேறு. பக்கத்தில் ஈசுவரன் கோயில் கோபுரம் நிற்கிறது. அதற்கு மேலே ஒன்றைக் கட்டி எனக்குப் பாவம் சேர வேண்டுமா?

மூன்று பேர் மேல் சந்தேகம். முதலாவது கோவிந்தசாமி. ஊருக்கு வெளியே மில் வைத்திருக்கிறான், என் வாடிக்கை மேல் கண். அடுத்தவன் ஜவுளிக்கடைப் பச்சமுத்து. வெள்ளை வேட்டியெல்லாம் கரி படிகிறது என்று போன வருஷம் சண்டைக்கு வந்தவன். மூன்றாவது ராமகிருஷ்ணன், அந்தப் பள்ளிக்கூடத்து வாத்தியார். என் களத்தில் நெல் காயவைக்கும் மீனம்பாளின் மகன். படித்தவன், சட்டம் பேசுவான். எனக்கு அவன் மேல்தான் முக்கால் சந்தேகம்.

நீ அந்த மனுவை எடுத்துப் பார். எழுத்து எப்படி, உறையில் எந்த ஊர் முத்திரை, எல்லாம் எழுது. இது இரண்டாம் பேருக்குத் தெரிய வேண்டாம். உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
சம்பந்தம்


கடலூர்,
2-2-1963

மாமா அவர்களுக்குக் கிருஷ்ணமூர்த்தி வணக்கம். நாங்கள் இருவரும் சுகம். பல்லைப் பிடுங்கியாயிற்று. அக்காளும் நீங்களும் நலமாக இருக்க வேண்டும். சாந்திக்குச் சளி குறைந்ததா? காய்ச்சல் உண்டா? அதைத் தனியாக எழுதவும்.

மனு வேறு பிரிவில் இருக்கிறது. என் கைக்கு வரவில்லை. வந்தாலும் அதை வெளியே சொல்ல எனக்கு உரிமை இல்லை, நீங்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது.

நான் சின்னவன், இருந்தாலும் சொல்கிறேன். யார் எழுதினால் என்ன? உங்கள் புகைபோக்கி கூரைக்கு மேல் எட்டடிகூட இல்லை. இருபதடி உயர்த்தினாலும் கோபுரத்தில் பாதிக்குத்தான் வரும். போன தீபாவளிக்கு வந்தபோது அளந்து பார்க்காமலே எனக்குத் தெரிந்தது. சாரதா எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்கிறாள்.

தங்கள்,
கிருஷ்ணமூர்த்தி


கடலூர்,
3-2-1963

அக்கா,

மில் விலாசத்துக்கு எழுதினால் மாமா பிரித்துப் படித்த பிறகுதான் உன் கைக்கு வரும். அதனால் அவலூர்பேட்டைச் சித்தி ரத்தினம்மாள் வீட்டுக்கு எழுதுகிறேன். மாதம் ஒருமுறை சாந்தியை அங்குள்ள வைத்தியரிடம் கூட்டிப் போகிறாயே, அப்போது சித்தி கொடுப்பாள். நீ எப்படி இருக்கிறாய்? குழந்தை சாப்பிடுகிறதா?

மாமாவிடம் ஒரு பொய் சொல்லிவிட்டேன். மனு என் மேஜைக்குத்தான் வந்தது. பாடப் புத்தகம் அச்சடித்தது போல ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனியாக எழுதியிருக்கிறது, கையைக் கண்டுபிடிக்க முடியாது. உறையில் அவலூர்பேட்டை முத்திரை.

அதில் கோவிந்தசாமி மில் என்று பேர் இருக்கிறது, அது ஊருக்கு வெளியே இருப்பதால் தொல்லை இல்லை என்று. பச்சமுத்து கடை என்று பேர் இருக்கிறது, அங்கே போய்த் துணியைப் பார்க்கலாம் என்று. எந்த மில் மேல் புகாரோ அந்த மில்லின் பேரை மட்டும் ஒன்றரைப் பக்கத்தில் ஓரிடத்திலும் காணோம். ‘சீர்காழியில் அம்மையிடம் பால் குடித்த பிள்ளையின் பேரைக் கொண்டவருடைய மில்’ என்று இருக்கிறது, நான்கு இடத்தில். எங்கள் தலைமைக் குமாஸ்தா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, “இன்னாய்யா இது, எவனோ ஓதுவார் எழுதினா மாதிரி இருக்குது” என்றார். பிறகு செஞ்சி மில்களின் பட்டியலைப் பார்த்து, சம்பந்தம் என்று கண்டுபிடித்து, சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

இரண்டு வருஷம் முன்பு ஜனத்தொகைக் கணக்கு எடுக்க வந்தவர் உன் புருஷன் பேரைக் கேட்டபோது நீ இதே வரியைச் சொன்னாய். அவர் விழித்தார். நான்தான் பேரைச் சொல்லி உதவினேன். மாமா அந்த மனுவை ஒருமுறை படித்தால் போதும் அக்கா, வேறு முத்திரை வேண்டாம். நான் காட்ட மாட்டேன். நீயும் ஜாக்கிரதையாக இரு. உடம்பு முக்கியம்.

உன் தம்பி,
கிருஷ்ணமூர்த்தி


அவலூர்பேட்டை,
20-2-1963

தம்பிக்கு அக்காள் எழுதுவது. சித்தி வீட்டில் எல்லோரும் சுகம். நீயும் சாரதாவும் சுகமாக இருக்க வேண்டும். பல்லைப் பிடுங்கின இடத்தில் உப்புத் தண்ணீர் வைத்துக் கொப்பளி.

மனுவைப் பற்றி எழுதியிருந்தாய். எழுதினவர்களுக்குப் பேரை எழுதக் கை வரவில்லை போலிருக்கிறது. அதை விடு.

சாந்திக்குச் சளி இல்லை, இழுப்பு. மூச்சை உள்ளே இழுக்கும்போது கழுத்துக் குழி பள்ளமாக இறங்குகிறது. எட்டு வயதுப் பெண் படிக்கட்டில் நான்கு படி ஏறி உட்கார்ந்துகொள்கிறாள். மூன்று மலைக்கு நடுவில் இருக்கிற ஊர், காலையில் பாய்லரை மூட்டினால் புகை போக இடமில்லாமல் பஜாரிலேயே படுத்துக்கொள்கிறது. பள்ளிக்கூடத்தில் மில் பக்கத்து ஜன்னலை எப்போதும் சாத்தியே வைத்திருக்கிறார்கள். அப்படியும் பலகையில் எழுதினால் கரி ஒட்டுகிறது என்கிறாள். அவள் வகுப்பில் இன்னும் ஐந்து பிள்ளைகளுக்கு இதே இருமல்.

ஆஸ்பத்திரி டாக்டர், “மருந்து நான் குடுக்கறேம்மா, புகைய யாரு நிறுத்தறது?” என்று கேட்டார். அதை வீட்டில் சொன்னேன். “டாக்டருக்கு இத யாரு சொல்லிக் குடுத்தாங்க?” என்று உன் மாமா கேட்டார்.

அவர் கெட்டவர் இல்லை தம்பி. குழந்தைக்குத் தினம் ஆரஞ்சு வாங்கி வருகிறார். ஆனால் உலகமே தனக்கு எதிராகக் கூட்டம் போட்டுப் பேசுகிறது என்று நினைக்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது, அவரிடம் இல்லை, நாள் போவதைப் பார்த்து. வைத்தியர் ஆடாதொடைக் கஷாயம் கொடுத்திருக்கிறார். சாரதாவைக் கேட்டதாகச் சொல்.

அக்காள்,
உண்ணாமலை


செஞ்சி,
5-3-1963

மைத்துனன் கிருஷ்ணமூர்த்திக்கு ஆசி. இங்கே நான் சுகம். உன் சுகத்துக்கு எழுது.

உன் ஆபீஸ் இன்ஸ்பெக்டர் வந்து போனார். பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஓட்டலில் காபி குடித்துக்கொண்டிருக்கும்போதே எனக்குச் செய்தி வந்துவிட்டது. அவர் மில்லுக்கு வருவதற்குள் பாய்லர் அடுப்பில் தண்ணீர் ஊற்றி அணைத்துவிட்டேன். நல்ல மனிதர், சில்லென்று கிடந்த அடுப்பைப் பார்த்து எழுதிக்கொண்டு போனார். இனி மொட்டை மனுக்காரன் மூக்கைத் தடவிக்கொள்ளட்டும்.

ஆளையும் கண்டுபிடித்துவிட்டேன். மனு போட்ட அதே ஜனவரியில் மீனம்பாளின் மகன் மனு எழுதுகிற முழுத்தாள் வாங்கினானாம், கடைக்காரனே சொன்னான். வாத்தியாருக்கு முழுத்தாள் எதற்கு? மீனம்பாளைக் கூப்பிட்டு, “நாளையிலேந்து வராத” என்றேன். அவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு, “பதினோரு வருசம் மொதலாளி. இன்னா தப்புன்னு சொல்லிட்டு அனுப்பு” என்றாள். “ஒம் மவனக் கேளு” என்றேன். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. தப்பு இல்லாதவள் பேசாமல் போவாளா?

இன்னொன்று. சாந்தி வீட்டில் சும்மா இருக்கும்போது அவ்வளவாக இருமுவதில்லை. யாராவது வந்தால் இருமுகிறாள். இதையும் யாரோ சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று தோன்றுகிறது. என் போன கடிதத்துக்குப் பதில் போட நீ ஏன் பன்னிரண்டு நாள் எடுத்துக்கொண்டாய்? சாரதாவுக்கு ஆசி.

சம்பந்தம்


அவலூர்பேட்டை,
14-3-1963

தம்பி, உடம்பு நலமா? இங்கே உடம்பு நலம், மனசு இல்லை.

மீனம்பாள் விஷயம் உனக்கு எழுதியிருப்பார். ஜனவரி முதல் வாரத்தில் அவளிடம்தான், உன் மகனிடம் சொல்லி ஒரு முழுத்தாள் வாங்கிக் கொடு என்று கேட்டேன். எதற்கென்று அவள் கேட்கவில்லை.

போன வாரம் தோட்டத்துப் பக்கம் வந்து நின்றாள். நான் அழுதுவிட்டேன். எல்லாவற்றையும் அவரிடம் சொல்லிவிடுகிறேன் என்றேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “எனக்கு அப்பவே தெரியும்மா. நீ வாயத் தொறக்காத. நீ சொன்னா உன்ன ஊட்ட உட்டுத் தொரத்துவாரு, புகை அப்படியேதான் இருக்கும். எனக்கு இன்னா, கூலி எங்கயும் கெடைக்கும். கொழந்த மூச்சு கெடைக்குமா?” 

கூலி எங்கேயும் கிடைக்காது. அறுப்பு முடிந்துவிட்டது. அவள் தினம் மூன்று மைல் நடந்து கல் உடைக்கப் போகிறாள். என்னால் ஒரு பாவமும் அறியாதவள் தெருவில் நிற்கிறாள், நான் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு கல்யாணத்துக்குப் போய் வருகிறேன். என்ன செய்யட்டும் என்று சொல். சாரதா நலமா?

உண்ணாமலை


கடலூர்,
25-3-1963

மாமா அவர்களுக்கு வணக்கம். நாங்கள் சுகம், தங்கள் சுகம் அறிய ஆவல்.

ராமகிருஷ்ணன் அந்த மனுவை எழுதவில்லை. எனக்கு நிச்சயமாகத் தெரியும். எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். மீனம்பாளைத் திரும்பக் கூப்பிடுங்கள். அவள் வயிற்றில் அடித்த பாவம் நமக்கு வேண்டாம்.

இன்ஸ்பெக்டர் அறிக்கை என் மேஜைக்கு வந்தது. ‘புகை காணப்படவில்லை’ என்று அதில் இருக்கிறது. காகிதத்தில் இல்லாத புகை சாந்தியின் நெஞ்சில் இருக்கிறது மாமா. குழந்தைக்கு எப்படி இருக்கிறது?

கிருஷ்ணமூர்த்தி


செஞ்சி,
2-4-1963

கிருஷ்ணமூர்த்திக்கு,

மனு உன் கைக்கு வரவில்லை என்றாய். இப்போது எழுதியவன் யார் இல்லை என்று நிச்சயமாகத் தெரியும் என்கிறாய். ஆக, பிப்ரவரியில் எழுதியது பொய். சொந்த மைத்துனன் எனக்குப் பொய் எழுதுகிறான்.

உறையில் அவலூர்பேட்டை முத்திரை என்று வேறொருவர் மூலம் தெரிந்துகொண்டேன். அங்கே யார் இருக்கிறார்கள்? உன் சித்தி இருக்கிறாள். நீயே எழுதி, அவளிடம் கொடுத்துப் போடச் சொன்னாயோ? சர்க்கார் சம்பளம் வாங்குகிறவனுக்கு வியாபாரி சம்பாதித்தால் பொறுக்காது.

இனி உன் அக்காள் அவலூர்பேட்டைக்குப் போக மாட்டாள். குழந்தைக்கு வைத்தியம் செஞ்சியிலேயே பார்த்துக்கொள்கிறேன். இந்தக் கடிதத்துக்குப் பதில் வேண்டாம். கோபத்திலும் எழுதுகிறேன், சாரதாவுக்கு மசக்கை என்று கேள்விப்பட்டேன், ஜாக்கிரதையாகப் பார்த்துக்கொள்.

சம்பந்தம்


செஞ்சி,
6-5-1963

தம்பிக்கு அக்காள் எழுதுவது. சாரதா உடம்பு எப்படி இருக்கிறது? நீ ஏப்ரலில் எழுதிய இரண்டு கடிதமும் சித்தி வீட்டிலேயே கிடக்கின்றன என்று கேள்விப்பட்டேன். இதை நானே தபாலாபீசுக்கு நடந்து வந்து போடுகிறேன்.

போன திங்கட்கிழமை பரீட்சை. பகல் பன்னிரண்டு மணிக்கு மில்லில் ஈர உமியைப் போட்டு எரித்திருக்கிறார்கள். எழுதிக்கொண்டிருந்த சாந்தி பெஞ்சிலேயே சாய்ந்துவிட்டாள். உதடு நீலம். ராமகிருஷ்ணன் வாத்தியார்தான் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறார். இரண்டு ஊசி போட்ட பிறகுதான் மூச்சு வந்தது.

உன் மாமா செருப்புகூடப் போடாமல் ஓடிவந்தார். வாத்தியாரைப் பார்த்ததும் முதலில் கேட்டது, “இவன் ஏன் தூக்கினு வந்தான்? இவனுக்கு இன்னா அக்கறை?” என்பதுதான். குழந்தையை அப்புறம்தான் பார்த்தார்.

தம்பி, பதினான்கு வருஷம் அவர் முன்னால் குரல் உயர்த்தாதவள் நான். அந்த இடத்திலேயே, வாத்தியார் காது கேட்க, டாக்டர் காது கேட்க, ஜனவரியிலிருந்து மறைத்து வைத்திருந்ததை அவரிடம் சொன்னேன். என்ன சொன்னேன் என்று உனக்கு எழுத வேண்டியதில்லை. அவர் அடிப்பார் என்று நினைத்தேன். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார், அவ்வளவுதான். அன்றிலிருந்து என்னோடு பேச்சு இல்லை.

வியாழக்கிழமை காலை பஸ்ஸில் சாந்தியோடு அங்கே வருகிறேன். போகட்டுமா என்று கேட்கவில்லை, போகிறேன் என்றுதான் சொன்னேன். நீ பஸ் ஸ்டாண்டுக்கு வா.

உண்ணாமலை


செஞ்சி,
28-5-1963

மைத்துனன் கிருஷ்ணமூர்த்திக்குச் சம்பந்தம் எழுதுவது. எல்லோரும் சுகமா? எனக்குச் சாப்பாடு ஓட்டலில்.

குழந்தைக்குக் கடல் காற்று நல்லது என்று அனுப்பியிருப்பதாக ஊரில் சொல்லி வைத்திருக்கிறேன். யார் கேட்டாலும் நீயும் அப்படியே சொல்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். சாந்தி அங்கேயும் இருமுகிறாளா? உன் அக்காள் சொன்னதை எழுதாதே. டாக்டர் சொன்னதையும் எழுதாதே. நீ கண்ணால் பார்த்ததை எழுது.

நேற்று ஈசுவரன் கோயிலில் நின்று, அவள் அங்கேயும் இரும வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். அப்படி இருந்தால் என் மில் மேல் பழி இல்லை. வேண்டி முடித்து, விபூதியை வாங்கி நெற்றியில் வைத்த பிறகுதான் நான் என்ன கேட்டேன் என்று உறைத்தது. ஒரு தகப்பன் கேட்கிற வரமா இது? இதை யாரிடமும் சொல்லாதே.

சம்பந்தம்


கடலூர்,
3-6-1963

மாமா அவர்களுக்கு வணக்கம். இங்கு அனைவரும் சுகம்.

சாந்தி வந்து இருபத்தாறு நாள் ஆகிறது. முதல் ஐந்து நாள் இருமினாள். ஆறாம் நாளிலிருந்து இல்லை. மருந்து நிறுத்தி ஒரு வாரம் ஆகிறது. மாடிப்படி ஒரே மூச்சில் ஏறுகிறாள். நான் கண்ணால் பார்த்தது இவ்வளவுதான். உங்கள் உடம்பைக் கவனியுங்கள்.

கிருஷ்ணமூர்த்தி


செஞ்சி,
15-6-1963

மைத்துனன் கிருஷ்ணமூர்த்திக்கு ஆசி. சாரதாவுக்கு ஐந்தாம் மாதம் என்று கணக்கு. மாங்காய் ஒரு கூடை பஸ்ஸில் அனுப்பியிருக்கிறேன்.

நீ எழுதியதை நான் நம்பவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை சொல்லாமல் கடலூர் வந்தேன். உன் வீட்டுக்கு வரவில்லை, எதிர்ச்சாரியில் சோடாக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நான் வருவது தெரிந்தால் குழந்தைக்குச் சொல்லிக் கொடுத்துவிடுவீர்கள் என்று நினைத்தேன். சாந்தி பக்கத்து வீட்டுப் பெண்களோடு பாண்டி ஆடினாள். ஒற்றைக் காலில் தாண்டித் தாண்டிப் போனாள், கத்தினாள், சண்டை போட்டாள். அவள் கத்தி நான் கேட்டே எத்தனை மாதம் ஆயிற்று. இரண்டு மணி நேரத்தில் அந்தத் தெருவில் இருமியது நான் ஒருவன்தான். சோடாக்கடைக்காரன், “இன்னா பெரியவரே, மில்லுல வேலையா?” என்று கேட்டான். கடைசி பஸ்ஸைப் பிடித்து ஊருக்கு வந்துவிட்டேன்.

மனு எழுதியது யார் என்று இனி உன்னைக் கேட்க மாட்டேன். வேறு யாரையும் கேட்க மாட்டேன்.

மீனம்பாள் வீட்டுக்கு நானே போனேன். அவள் வாசலில் நின்றபடி, “இப்ப யார் மேல மொதலாளி சந்தேகம்?” என்றாள். தலை குனிந்து நின்றேன். அப்புறம் அவளே, “வரேன். ஆனா பாய்லர் பக்கம் நிக்க மாட்டேன், என் நெஞ்சும் நெஞ்சுதான்” என்றாள். சரி என்றேன். அவள் மகனையும் பார்த்துக் கும்பிட்டேன். அவன் பதிலுக்குக் கும்பிட்டான், உள்ளே வரச் சொல்லவில்லை.

பாய்லரைத் திங்கட்கிழமை அணைத்தேன், இன்னும் மூட்டவில்லை. கொத்தனார் வந்து பார்த்தார். புகைபோக்கி வேலை ஆவணிக்குள் முடியுமாம். அதுவரை நெல்லை அவிக்க வேறு ஊருக்கு வண்டியில் அனுப்ப வேண்டும். நஷ்டம்தான், வயிறு எரிகிறது. அதை மறைப்பானேன்.

உன் அக்காளிடம், நான் அவள் மேல் கோபமாக இல்லை என்று சொல். வேலை முடியும்வரை அவளையும் குழந்தையையும் அங்கேயே வைத்துக்கொள். என் சுபாவம் உனக்குத் தெரியும். பாதி வேலையிலேயே இவ்வளவு போதும் என்று தோன்றும். கொத்தனார் ஏமாற்றுகிறான், நீ பொய் சொல்கிறாய், குழந்தைக்கு ஒன்றுமில்லை என்றெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டு அங்கே வந்து நிற்பேன். நானே வந்து கேட்டாலும் அனுப்பாதே.

இப்படிக்கு,
சம்பந்தம்